பீங்கான் ரயிலும் துடைப்பக் குச்சியும்

பெண்ணைப் பெற்றவருக்கு எதையாவது சேகரிக்கிற பழக்கம் இருக்கிறது என்று தெரிந்தால், கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்துவிட்டு, எழுந்து வந்துவிடுவதுதான் மாப்பிள்ளைக்கு நல்லது. தபால்தலையோ பழைய நாணயமோ, எதைச் சேர்ப்பவராக இருந்தாலும் சரி. அவர் கண்ணுக்கு மாப்பிள்ளை என்பவன், தன்னிடம் இன்னும் இல்லாத ஏதோ ஒன்றைத் தேடிக் கொண்டுவருவதற்காகப் பிறந்தவன். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பட்ட இடம் இன்னும் வலிக்கிறது.

எழுபதுகள் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. விருத்தாசலத்தில் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் கிளார்க். பியூஸ் கட்டைகளையும் ஊறுகாய் ஜாடிகளையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடைத்து ரயிலேற்றி அனுப்புவது வேலை. (உடையாமல் போய்ச் சேர்ந்தால் கம்பெனிக்குப் பெயர். உடைந்தால் எனக்கு.) வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அப்பா போன பிறகு அம்மா என்னை ஆளாக்கி முடித்துவிட்டு, அடுத்த வேலையாக எனக்குப் பெண் தேட ஆரம்பித்திருந்தாள்.

விழுப்புரத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று தகவல் வந்தது. பெயர் வசந்தா. அப்பா கோதண்டபாணி, ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது உத்தியோகம்தான், அவர் இல்லை என்பது அந்த வீட்டுக் கூடத்துக்குள் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய மேஜை. அதன்மேல் வட்டமாகப் பித்தளைத் தண்டவாளம். நாங்கள் உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மேஜைமேல் மரத்தில் ஒரு ரயில், காகிதக் கூழில் ஒரு ரயில், தேங்காய்ச் சிரட்டையில்கூட ஒரு ரயில் நின்றன. எல்லாவற்றுக்கும் நடுவே, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு சீமை இன்ஜின், மூத்த மருமகன் மாதிரி மினுமினுத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு வெள்ளைக்கார ஆபீசர் ஊரைவிட்டுப் போகும்போது கோதண்டபாணி கையில் கொடுத்துவிட்டுப் போனதாம்.

கார்டு என்னிடம் சம்பளம் கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை.

"தம்பிக்கு விருத்தாசலமா? கடையில வாங்குற ரயிலு யாருகிட்ட வேணா இருக்குங்க. பேரே தெரியாத எவனோ ஒருத்தன் ஏதாச்சும் ஒரு மூலையில உக்காந்து செஞ்சிருப்பான் பாருங்க, அதுதான் எனக்கு வேணும். உங்கூரு பீங்கான் ஊராச்சே. பீங்கான்ல ரயிலு செய்யுறவங்க இருக்காங்களா?"

அந்த நேரம் பார்த்துத்தான் வசந்தா காப்பித் தட்டோடு வந்தாள். அவளை ஒரு தடவை பார்த்தேன். அதற்குப் பிறகு என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"இருக்காங்களாவா? தெருவுக்கு ஒருத்தரு இருக்காங்க சார்!"

(விருத்தாசலத்தில் அப்போது பீங்கான் ரயில் செய்கிறவர் என்று ஒரு ஈ காக்காய்கூடக் கிடையாது.) அம்மா பக்கத்திலிருந்து என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளியது வீண். கார்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"அப்படின்னா எடுத்துட்டு வாங்க தம்பி! நம்ம லைன்ல ஓடணும், அவ்வளவுதான். ரயிலோட வர்ற அன்னைக்கே பூ வச்சிடலாம். அம்மா வசந்தா, தண்டவாள அளவு ஒண்ணு எடுத்துக் குடும்மா!"

எங்கள் பக்கத்தில் பூ வைப்பது என்றால் மாப்பிள்ளை வீட்டார் போய்ப் பெண் தலையில் பூ வைத்துவிட்டு வருவது. பூ வைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. அதன் பிறகு அந்தப் பெண்ணை வேறு யாரும் கேட்டு வரமாட்டார்கள்.

வசந்தா புதுத் துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, தண்டவாளத்தின் மேல் குறுக்கே வைத்து, பிளேடால் வெட்டினாள். வெட்டியதைத் திரும்ப வைத்துச் சரிபார்த்தாள். பிறகு என்னிடம் நீட்டி, "அளவு சரியா இருக்குது. பாத்து எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். குச்சியைச் சட்டைப் பையில், இதயம் இருப்பதாகச் சொல்லப்படும் இடத்தில், வைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ரயில் செய்கிறவரை எங்கே போய்த் தேடுவது? பார்ப்பவர்களை எல்லாம் கேட்டேன். திட்டக்குடியில் ஒருத்தர் தகரத்தில் என்ன வேண்டுமானாலும் செய்வார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அவர் மண்ணெண்ணெய் விளக்கு செய்பவர். பீங்கான் இல்லாவிட்டால் தகரமாவது இருக்கட்டும் என்று நானும் என் லட்சியத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போனபோது இன்ஜின் தயாராக இருந்தது. புகைபோக்கியில் திரி போட்டிருந்தார்.

"ரயிலுன்னா பொகை வரணும்ல?" என்று தீக்குச்சி கிழித்து ஏற்றியும் காட்டினார். புகை வந்தது. அதோடு சக்கரத்துக்கு வைத்திருந்த ஈயப் பற்றும் உருகி, சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று உருண்டன. அது ரயில் இல்லை, சக்கரம் வைத்த சிம்னி விளக்கு. மாமனாருக்குச் சீராக விளக்கு கொடுக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அந்த அளவுக்கு நான் போய்விட்டிருந்தேன்.

அடுத்து சேத்தியாத்தோப்பு. அங்கே சுப்பராய ஆசாரி என்று ஒரு தச்சர். பொம்மை வேலையில் கெட்டிக்காரர் என்று கேள்வி. கெட்டிக்காரர்தான், ஆனால் பிள்ளைகள் தள்ளிக்கொண்டு நடை பழகும் நடைவண்டியில் மட்டும். அவர் செய்த ரயிலுக்கு மூன்றே சக்கரம். பின்னால் நின்று தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி வேறு.

"ரயிலுக்கு மூணு சக்கரம் போதாதுங்களே" என்றேன்.

"எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் அப்புடிச் சொன்னதில்லியே!" என்றார் ஆசாரி. உண்மையிலேயே மனசு நொந்துபோனார்.

இப்படி இரண்டு ஊரில் அவமானப்பட்டுவிட்டு, திங்கட்கிழமை கம்பெனியில் என் மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தபோதுதான், எதிர் ஷெட்டிலிருந்து மஜீத் பாய் கேட்டார். "என்னா தம்பி, யாராச்சும் தவறிட்டாங்களா?"

மஜீத் பாய் எங்கள் கம்பெனியில் மோல்டு அடிப்பவர். அதாவது, மரத்தில் செய்த மாதிரியைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் மண்ணை வார்ப்பார். அவர் கை படாமல் எங்கள் கம்பெனியில் ஒரு ஜாடியும் பிறந்ததில்லை. அதை அவரே தினமும் சொல்லிக்காட்டுவார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா திட்டக்குடி, சேத்தியாத்தோப்புன்னு அலைஞ்ச? எதுத்தாப்புல ஒரு மலை ஒக்காந்திருக்குது, கண்ணு தெரியலியா? நான் அடிச்சுத் தரேன்யா ரயிலு. கீழ போட்டாக்கூட ஒடையாது. எவன் மேல போடுறியோ அவன் ஒடைவான். அளவக் குடு!"

இங்கேதான் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மண் சூளைக்குள் போனால் இளைத்துத்தான் வெளியே வரும். ஜாடி பெரிதாக வேண்டுமென்றால் அதைவிடப் பெரிதாகச் செய்து உள்ளே வைக்க வேண்டும். இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால் எங்கள் ஊர்க்காரனிடம் எந்த அளவைச் சொன்னாலும் மனசுக்குள் கொஞ்சம் சேர்த்துக்கொள்வான். எங்கள் தெரு டெய்லர் முன்பு சூளையில் வேலை பார்த்தவர். அவர் தைத்த சட்டை எனக்கு முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. துணியைச் சூளையில் வைக்க மாட்டார்கள் என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை.

அளவைக் கேட்டதும் கை சட்டைப் பைக்குப் போனது. ஆனால் வசந்தா வெட்டிக் கொடுத்த குச்சியை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வரவில்லை. (வயசு அப்படி.) கம்பெனித் துடைப்பத்திலிருந்து இன்னொரு குச்சியை எடுத்தேன். அவள் குச்சியைப் பக்கத்தில் வைத்து, வெட்டப் போகும் நேரத்தில், மண் இளைக்குமே என்று ஞாபகம் வந்தது. கொஞ்சம் தள்ளி வெட்டினேன். என்னை நானே மெச்சிக்கொண்டு அந்தக் குச்சியை மஜீத் பாயிடம் கொடுத்தேன்.

சூளையில் பண்டிகைக்கு முன் எப்போதும் வேலை நெருக்கடி. பியூஸ் கட்டைகளுக்கு நடுவே ஒரு ரயிலுக்கு இடம் கிடைப்பதற்குள் கார்டிடமிருந்து தபால் கார்டுக்கு மேல் கார்டாக வந்தது. "வண்டி எப்போது வருகிறது?" என்பார். நான் எப்போது வருகிறேன் என்று ஒரு கார்டிலும் இல்லை. கடைசியில் ஒரு நல்ல நாள் குறித்தார்கள். அன்று விடிந்த பிறகுதான் சூளையைப் பிரித்தார்கள்.

வெளியே வந்ததைப் பார்த்து அசந்துபோனேன். வெள்ளை வெளேரென்று ஒரு இன்ஜின், பின்னால் ஒரு பெட்டி. பக்கவாட்டில், டீ கப்பில் ஒட்டுகிற ரோஜாப்பூ ஒட்டியிருந்தது. சக்கரங்கள் கம்பியில் கோத்துச் சுழன்றன. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் கையில் வாங்கியபோது கொஞ்சம் கனமாக, புஷ்டியாக இருந்த மாதிரிப் பட்டது.

"பாய், பெருசா இருக்குதோ?"

"சூடா இருக்குது தம்பி. சூட்டுல அப்படித்தான் தெரியும். ஓடு, பாசஞ்சரு வந்துடும்!"

ஓடினேன். அம்மா ஒரு கையில் வெற்றிலை பாக்கு பழத் தட்டோடும், இன்னொரு கையில் ஈர வாழையிலையில் கட்டிய மல்லிகைச் சரத்தோடும் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாள். விழுப்புரம் போய்ச் சேரும் வரை, ரயில் என் காலடியில் வைக்கோல் கூடையில் இருந்தது. வசந்தாவின் குச்சி சட்டைப் பையில் இருந்தது. வழியெல்லாம் அந்தக் குச்சியை எடுத்து எடுத்துப் பார்த்தேன். அளவெடுக்கத்தான் கொடுத்தார்கள் என்பது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

கோதண்டபாணி வீட்டில் அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. கார்டு வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் விசில், கையில் பச்சைக் கொடி, கக்கத்தில் சிவப்புக் கொடியோடு நின்றார். கூடையைப் பிரித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. இன்ஜினை இரண்டு கையாலும் வாங்கி, பேரனைக் கொஞ்சுவதுபோல் கன்னத்தில் வைத்துக்கொண்டார். வசந்தா உள்ளே கதவோரம் நின்று பார்த்தாள். சிரித்தாள். சத்தியமாக என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். என் வாழ்க்கையின் உச்சம் அதுதான். அது முடிய அதிக நேரம் ஆகவில்லை.

அம்மா மல்லிகைச் சரத்தைப் பிரித்துக் கையில் எடுத்தாள். "நல்ல நேரம் போறதுக்குள்ள பூவ வச்சுடலாங்களா அண்ணே?"

"இருங்கம்மா. வண்டி லைன்ல ஒரு சுத்து வந்துடட்டும். புது வண்டிக்கு முன்னாடி பைலட் இன்ஜின் போவணும். அதான் ரூல்சு."

சீமை இன்ஜினுக்குச் சாவி கொடுத்தார். விசில் ஊதினார். பச்சைக் கொடி ஆட்டினார். இன்ஜின் கிளம்பியது. "தம்பி, அது அந்தக் கோடிக்குப் போவுறதுக்குள்ள உங்க வண்டிய லைன்ல வையுங்க!"

வைத்தேன். உட்காரவில்லை.

சக்கரங்கள் இரண்டு பக்கமும் தண்டவாளத்துக்கு வெளியே கால் அகட்டி நின்றன. இன்ஜினின் வயிறு தண்டவாளத்தின்மேல் படுத்திருந்தது. இந்தப் பக்கம் தள்ளினேன், அந்தப் பக்கம் தள்ளினேன். "உக்காந்துடும் சார், கொஞ்சம் அமுக்கினா உக்காந்துடும்" என்று சொல்லி இரண்டு கையாலும் அமுக்கினேன். பட் பட்டென்று தண்டவாளத்தின் ஆணிகள் தெறித்தன. அதற்குள் சீமை இன்ஜின் அந்தக் கோடியைச் சுற்றித் திரும்பி, முழு வேகத்தில் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.

கார்டு பார்த்துவிட்டார். கையை நீட்டினால் இன்ஜினைத் தூக்கியிருக்கலாம். ஆனால் ஆயுசெல்லாம் கார்டாக இருந்த மனுஷர். கக்கத்திலிருந்து சிவப்புக் கொடியை உருவி, இன்ஜினுக்கு நேராகப் பிடித்து, விசிலை விடாமல் ஊதினார்.

"அப்பா, கையால புடிங்கப்பா!" என்று வசந்தா கத்தினாள்.

அவர் கொடியை இன்னும் வேகமாக ஆட்டினார். சீமை இன்ஜின் கொடியை மதிக்கவில்லை. நேரே வந்து என் பீங்கான் இன்ஜின்மேல் மோதி, ஒரு துள்ளு துள்ளி, சிமென்ட் தரையில் விழுந்தது. ஒரு சக்கரம் உருண்டு அம்மாவின் காலடியில் போய்ச் சாய்ந்தது. உள்ளேயிருந்து சுருள்வில் கிர்ர்ரென்று வெளியே வந்து, கொஞ்ச நேரம் ஆடி, ஓய்ந்தது. மஜீத் பாயின் இன்ஜினில் ஒரு கீறல் இல்லை. ரோஜாப்பூகூட உதிரவில்லை.

கார்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"குச்சி எங்க?"

கொடுத்தேன். தண்டவாளத்தின் குறுக்கே வைத்தார். கச்சிதமாக இருந்தது. என் இன்ஜினுக்கு அடியில் வைத்தார். சக்கரத்துக்குச் சக்கரம் எட்டாமல், நடுவிலேயே நின்றது.

"குச்சியும் சரியா இருக்குது. வண்டியும் நல்லா இருக்குது. நடுவுல நீ ஒரு ஆளுதாம்பா இருந்திருக்க."

"மண்ணு சுருங்கும்னு கொஞ்சம் சேத்து வெட்டினேன் சார்..."

"நான் பச்ச காட்டுனா ட்ரைவரு பச்சன்னுதான் எடுத்துக்கணும். அவனா கொஞ்சம் சேத்து எடுத்துக்கிட்டா வண்டி எங்க போயி நிக்கும்? குடுத்த அளவக் குடுத்தபடி கொண்டுபோய்ச் சேக்கத் தெரியாத ஆளுகிட்ட பொண்ண எப்படிங்க அனுப்புறது?"

கடைசி வாக்கியம் அம்மாவைப் பார்த்துச் சொன்னது. நான் கதவுப் பக்கம் பார்த்தேன். வசந்தா கீழே உட்கார்ந்து உடைந்த துண்டுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அளவு சரியா இருக்குதுன்னு சொல்லித்தானே குடுத்தேன்" என்றாள். அவள் என்னிடம் பேசிய இரண்டாவது பேச்சு அது. மூன்றாவது கிடையாது. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். விழுப்புரத்துச் சிமென்ட் தரை அதற்கெல்லாம் இடம் கொடுக்காது.

கூடையை எடுத்துக்கொண்டு, பீங்கான் இன்ஜின்மேல் கை வைத்தேன். கார்டு சட்டென்று குறுக்கே கையை நீட்டினார்.

"அது இருக்கட்டும். வண்டிய நான் வச்சுக்கிறேன். யாரு செஞ்சது, பேரு என்னா?"

அம்மாவுக்கு அப்போதுதான் வந்தது பாருங்கள் கோபம்.

"புள்ள வேணாம், ரயிலு மட்டும் வேணுமா? நல்லா இருக்குதுண்ணே ஞாயம். பொண்ணுக்குன்னு கட்டின பூவத் திருப்பி எடுத்துக்கிட்டு வூடு போற வழக்கம் எங்களுக்குக் கெடையாது. நீங்க எதுக்குச் சம்மதிச்சீங்களோ அதுக்கே வச்சுட்டுப் போறேன்!"

நேரே மேஜைக்குப் போய், மல்லிகைச் சரத்தைப் பீங்கான் இன்ஜினின் புகைபோக்கியில் சுற்றி, நெற்றி மாதிரி இருந்த இடத்தில் குங்குமமும் வைத்துவிட்டு, "வாடா" என்றாள். தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் வழிவிட்டார்கள். ஸ்டேஷன் வரைக்கும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். குச்சிகூட அவர் கையிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் மஜீத் பாய்மேல் பாய்ந்தேன்.

"சுருங்கும்னு நான் சேத்துத்தான குடுத்தேன், நீங்க வேற சேத்தீங்களா?"

"சேக்காம? நீ கிளார்க்கு, ஒனக்கு என்னா தெரியும்னு நான் சேத்தேன். மரத்துல செய்ய சேத்தியாத்தோப்பு ஆசாரிகிட்ட குடுத்தேன். சூளைக்குப் போற சாமான்னு சொன்னதும் அவரு வேற கொஞ்சம் சேத்திருக்காரு. நல்ல மனுசன்."

மூன்று நல்ல மனுஷர்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்ததில் நான் மொத்தமாகக் கழிந்துபோனேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அதற்குப் பிறகு கார்டு விருத்தாசலத்துக்கு வந்துபோக ஆரம்பித்துவிட்டார். மஜீத் பாயைப் பார்க்க. என் மேஜையைக் கடந்துதான் போவார், பார்சல் பெட்டியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துவிட்டு. ஒருநாள் மஜீத் பாய் பெருமையோடு வந்து சொன்னார். "தம்பி, நம்ம ரயிலுக்காக அவரு தண்டவாளத்தையே பேத்துட்டு அகலமாப் போட்டுட்டாராம்ல!"

ரயிலுக்காகத் தண்டவாளத்தை மாற்றிக்கொண்ட மனுஷர் எனக்காக மனசை மாற்றிக்கொள்ளவில்லை. அன்று நான் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. அந்த வருஷமே வசந்தாவுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அந்த மாப்பிள்ளை என்ன ரயில் கொண்டுவந்தார் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு எனக்கும் திட்டக்குடியில் பெண் அமைந்தது. மாமனார் எதையும் சேகரிக்காதவர் என்று அம்மா நாலு பேரை விட்டு விசாரித்துவிட்டுத்தான் சம்மதித்தாள். பூ வைத்த அன்றே, மூச்சு விடாமல், அம்மா இந்தக் கதை முழுவதையும் என் மனைவியிடம் சொல்லியும் விட்டாள். அன்றிலிருந்து எனக்கு விடுதலை இல்லை. எங்கள் வீடு ஜங்ஷனுக்குப் பக்கம். ரயில் கூவினால் போதும், என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுப்பாள். "என்னாங்க, உங்க மூத்தாளு கூப்புடுறா. போயி என்னான்னு கேட்டுட்டு வாங்க!"

இப்போது பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். சாயங்காலம் மாடியில் நின்று, போகிற ரயிலைப் பார்த்து, "பெரிய பாட்டி போறாங்க, பெரிய பாட்டி போறாங்க" என்று கை ஆட்டுகிறார்கள். நானும் பக்கத்தில் நின்று ஆட்டுகிறேன். என்ன செய்வது, பூ வைத்தாகிவிட்டதே.